கழுவாமல் தரவும்

என் அக்காவை எல்லோரும் தட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விருந்து வைக்கிற வீடுகளுக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாடகைக்குக் கொடுப்பது அவள் தொழில். நான் அவளுடைய தம்பி. சாப்பிட்டுவிட்டுத் தூக்கி எறிகிற பேப்பர் தட்டும் கப்பும் விற்பது என் தொழில். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சைக்கிள் கடைதான் இருக்கிறது. ஒரு வயிற்றில் பிறந்துவிட்டு இப்படி எதிரும் புதிருமாகக் கடை போட்டிருக்கிறீர்களே என்று சைக்கிள் கடைக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். காலையில் என் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டதும் அங்கிருந்தே ஆரம்பித்துவிடுவாள்.

"என்னடா, இன்னிக்கு எத்தன மூட்டை குப்பை விக்கப் போற?"

"விக்கும்போது அது தட்டுக்கா. குப்பையாக்கறது வாங்கறவங்க."

"ஆமாமா, நீ பச்சப்புள்ள. வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது."

சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். காசு கொடுக்காமல் பார்க்கிற கூத்து அது, அவர் ஏன் விடப்போகிறார்.

அவள் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற தொழிற்சாலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், தலை நரைக்கும்வரை அங்கேதான் இருந்தாள். ஒருநாள் நிர்வாகம் இனிமேல் தூக்கி எறிகிற தட்டு போதும் என்று முடிவு செய்தது. அந்த ஆர்டர் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். கழுவுகிற பெண்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கை காய்ஞ்சு போச்சுடா" என்றாள். நான் ஏதோ மருந்து கேட்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்குத் தண்ணீரே தொடவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷ மழையில் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் அடைத்துக்கொண்டது. அடைத்தது முழுக்க அந்தப் புதுத் தட்டுகள். சாக்கடைத் தண்ணீர் ஏறி அக்காவின் அடுக்களைக்குள் வந்துவிட்டது. ஒரு தட்டு மிதந்து வந்து அவள் அடுப்புமேல் உட்கார்ந்திருந்ததாம். வேலையையும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வந்து உட்காருகிறதா என்று அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நேராகத் தொழிற்சாலைக்குப் போய், எடைக்குப் போட வைத்திருந்த பழைய எவர்சில்வர் தட்டுகளைக் கேட்டாள். இடம் காலியானால் சரி என்று கொடுத்துவிட்டார்கள். மாமா, அதாவது அவள் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று சக்கர வண்டியில் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா பேசியதைவிட ஹாரன் அடித்ததுதான் அதிகம்.

வேலை போன பெண்களில் ஐந்து பேரைக் கூட்டு சேர்த்துக்கொண்டாள். வருகிற லாபம் ஆறு பேருக்கும் சரிசமம். முதலாளிக்கும் அதே பங்குதானா, இது கடையா சத்திரமா என்று கேட்டதற்கு, "யாருடா முதலாளி?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்டு வரிசையாகத் தொட்டிகள் வைத்திருக்கிறாள். முதலில் ரப்பர் துண்டால் தட்டை வழித்து மிச்சத்தை வாளியில் தள்ளுவார்கள், அது உரத்துக்கு. பிறகு ஊறவைக்கிற தொட்டி, தேய்க்கிற தொட்டி, அலசுகிற தொட்டி. கடைசியில் ஒரு கொதிநீர் முழுக்கு. அலசுகிற தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். அதுவே அடுத்த சுற்றுக்கு ஊறவைக்கிற தொட்டிக்குப் போகும். அதற்குமேல் உழைக்க முடியாத தண்ணீர் மணலும் கூழாங்கல்லும் போட்ட குழி வழியாகப் பக்கத்து நாற்றுத் தோட்டத்துக்குப் போகும். தண்ணீரை இப்படிச் சக்கையாகப் பிழிந்து வேலை வாங்குகிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இதை அவளிடம் நான் சொன்னது கிடையாது.

இவ்வளவும் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். வாடகைக்கு எடுத்தவர்கள் தட்டைக் கழுவாமல் திருப்பித் தர வேண்டும். கழுவுகிற வேலையைத்தானே அக்கா விற்கிறாள். வாங்கியவர்கள் சாப்பிட்டோமா, அப்படியே கொடுத்தோமா என்று போக வேண்டியதுதான்.

ஒருவர்கூடக் கழுவாமல் கொடுக்கவில்லை.

சாப்பிட்ட தட்டை அப்படியே இன்னொருத்தர் கையில் எப்படிக் கொடுப்பது? நம் ஆட்களுக்கு அது உயிர் போகிற விஷயம். அக்கா ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவாள், "கழுவ வேணாம், அப்படியே குடுங்க." அவர்கள் தலையை ஆட்டுவார்கள். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் இப்பத்தான் சாப்பிட்டேன் என்று சொல்வோமே, அந்த மாதிரி இதுவும் ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்வார்கள். தட்டுக்காரம்மா எவ்வளவு தங்கமானவங்க, கழுவ வேண்டாம்னு சொல்றாங்க பாரு என்று இன்னும் இரண்டு தேய்ப்பு கூடுதலாகத் தேய்ப்பார்கள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கம்பி நாரைப் போட்டு வறட்டு வறட்டு என்று தேய்த்து, ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தருவார்கள். தட்டுகள் கவ்விக்கொண்டு பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிரித்தாலும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய தட்டு இல்லையா, யார் எப்படிக் கழுவினார்களோ, அக்கா மறுபடியும் எல்லாத் தொட்டியிலும் போட்டுத்தான் எடுப்பாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பலகை எழுதி மாட்டினாள். "தட்டுகளைக் கழுவாமல் தரவும்." படித்தவர்கள், பாவம் எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். கோபம் வந்து அடுத்த வரியையும் சேர்த்தாள். "கழுவித் தந்தால் அபராதம்."

மறுநாள் ஒரு பெரியவர் தட்டுகளைக் கண்ணாடி மாதிரி பளபளவென்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் பர்ஸைத் திறந்தார். "அபராதம் எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா, குடுத்துடறேன். அழுக்குத் தட்டு குடுத்தான்னு ஒரு பேரு மட்டும் நமக்கு வேணாம்."

அக்கா பலகையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டாள். நான் என் கடையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கோடை வந்து தண்ணீர்த் தட்டுப்பாடு தொடங்கியபோது சிரிப்பு அடங்கியது. தண்ணீர் அலுவலகத்தில் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். சின்ன வயசு, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு நடந்தே எல்லா இடத்துக்கும் போவார். தண்ணி மேடம் என்று பெயர் வைத்திருந்தோம். தண்ணீரை அதிகம் எடுக்கிற தொழில்களுக்குக் குழாய் இணைப்பை நீட்டிப்பதா வெட்டுவதா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்காவின் தொட்டிகளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்தார். அதோடு விட்டிருக்கலாம். தட்டு வாடகைக்கு எடுத்த வீடுகளுக்கும் போனார், அங்கே எப்படிக் கழுவுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு அக்காவைத் தேடி வந்து, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"உங்க தொட்டியில தண்ணி வீணாகலம்மா. நானே அசந்துட்டேன். ஆனா தட்டு வாங்கினவங்க வீட்டுல ஒரு தடவை கழுவறாங்க, அப்புறம் நீங்க ஒரு தடவை கழுவறீங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தா, உங்க தட்டு நல்லது, தூக்கி எறியற தட்டு கெட்டதுன்னு என்னால எழுத முடியல."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்க்காலை அடைக்காத தட்டு, குப்பை சேர்க்காத தட்டு என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்தவள். தான் செய்வது நல்லதே இல்லையோ என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. இணைப்பு போனால் அவள் கடையோடு ஐந்து பெண்களின் பிழைப்பும் போகும். அதைவிட இதுதான் அவளை அரித்தது.

மேடம் ஒரு வழியும் சொன்னார். ஊர்ப் பொதுக்கூடத்தில் இனி ஒரே வகைத் தட்டுதான் வைக்கப்போகிறார்களாம். அடுத்த விருந்து கணக்கு டீச்சர் ஓய்வு பெறுகிற விருந்து. அதற்கு அக்கா தட்டு கொடுக்கட்டும். கூடத்துக் குழாயில் மீட்டர் இருக்கிறது. யாரும் தட்டு கழுவாமல் விருந்து நடந்தால், அக்காவுக்கு இணைப்பும் உண்டு, கூடத்து ஆர்டரும் உண்டு. கழுவினார்கள் என்றால் இணைப்பு கிடையாது, கூடத்துக்குப் பேப்பர் தட்டு. பேப்பர் தட்டு என்றால் இந்த ஊரில் நான்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் மனைவி எனக்கு இரண்டாவது தடவை கேட்காமலே பரிமாறினாள்.

அக்கா இரண்டு நாள் யோசித்துக்கொண்டே திரிந்தாள். மூன்றாவது நாள் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கண்டுபுடிச்சிட்டேன்டா. வாங்கற ஆளு எதிர்ல நிக்கறதாலதான் கூசுது. ஆளே இல்லன்னா?"

"ஆளில்லாம எப்படி வாங்குவ?"

"பொட்டி. மேல ஒரு வாய் மட்டும். போட்டா உள்ள போயிடும், யாரு தட்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"இத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? எதிரிக்கடையாச்சே."

"வேற யாருகிட்டடா சொல்லுவேன்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு அதற்கப்புறம் வியாபாரத்தில் மனசு ஓடவில்லை.

வெல்டிங் கடையில் சொல்லிப் பெட்டி செய்தார்கள். சாய்வான வாய், உள்ளே தட்டு அடிபடாமல் ரப்பர் விரிப்பு. மாமா அதற்கு நீல வண்ணம் அடித்தார்.

விருந்தன்று கூடம் நிறைந்திருந்தது. கணக்கு டீச்சரிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. அடித்த கைக்கு மரியாதை செய்ய அத்தனை பேரும் வந்திருந்தோம். பெட்டியைச் சுவரோரம் வைத்தாயிற்று. கை கழுவுகிற குழாய்கள் நாலு எட்டு தள்ளி. தண்ணி மேடம் மீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்து பெண்களும் அக்கா வீட்டுக் கொல்லையில் தொட்டிகளை நிரப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். அக்காவும் அங்கேதான் போகப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

"எங்க போற? எல்லாருக்கும் தட்டு குடுத்தவ நிக்கறதா? உக்காரு. சாப்பிடு."

டீச்சர் குரலுக்கு அக்காவும் உட்கார்ந்தாள். மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யோசித்துப் பார்த்தால் உட்கார்ந்து தன் வாடகைத் தட்டில் அவள் சாப்பிட்டதே அன்றுதான். பரிமாறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினாள். வாய்க்குள் போனது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

முதல் பந்தி முடிந்ததும் அக்காதான் முதலில் எழுந்தாள். எப்படிப் போட வேண்டும் என்று காட்டித் தருகிற மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். பின்னால் எல்லோரும் தட்டும் கையுமாக வரிசை கட்டினார்கள். பெட்டியின் எதிரில் போய் நின்றாள். தட்டைப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம், நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு, அவள் விரல் வழித்த தடம். பெட்டியின் வாயைப் பார்த்தாள். மறுபடியும் தட்டைப் பார்த்தாள். பிறகு அப்படியே திரும்பிக் குழாயடிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

வரிசையில் யாரோ சொன்னார்கள், "தட்டுக்காரம்மாவே கழுவறாங்க, அப்புறம் என்ன?" அவ்வளவுதான். மொத்த வரிசையும் குழாயடிக்கு நகர்ந்தது. பெட்டி அனாதையாக நின்றது. தண்ணி மேடம் மீட்டரைக் குனிந்து பார்த்தார். அவர் முகமும் வாடிவிட்டது.

ஆர்டர் எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அக்காவின் முதுகைப் பார்க்கும்வரைதான் அந்தச் சந்தோஷம் நின்றது. குறுகிப்போய்க் குனிந்திருந்தாள்.

கிட்டே போனேன். "என்னக்கா பண்ற நீ? எல்லாரும் பாக்கறாங்க."

"முடியலடா." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "நான் தின்ன தட்டு கொல்லையில இருக்கற அவளுங்க கைக்குப் போகணுமான்னு இருக்கு. ஊருக்கெல்லாம் சொன்னேனே, எனக்கே முடியலடா."

இதைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது. குழாயை மூடினேன். "குடு அத."

"வேணாம்டா, எச்சி."

"குடுக்கான்னா!"

பிடுங்கிக்கொண்டு நேராகப் போய்ப் பெட்டியில் போட்டேன். உள்ளே போய் தொம் என்று விழுந்தது. திரும்பினால் என் பின்னால் மாமா. அவர் கையில் கணக்கு டீச்சரின் தட்டு.

"விடுங்க, நீங்க எதுக்கு?" என்று டீச்சர் பதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"நீங்க போய் உக்காருங்க டீச்சர், நான் போட்டுடறேன்." மாமா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அப்படின்னா உங்களத எங்கிட்ட குடுங்க" என்று டீச்சர் மாமாவின் தட்டைப் பறித்தார். டீச்சர் கையில் எச்சில் தட்டா என்று சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து அதை வாங்கினார். அவர் தட்டை அவருடைய மருமகள் வாங்கினாள். மருமகள் தட்டை, நீ குழந்தையைப் பாரும்மா என்று பக்கத்து வீட்டம்மா வாங்கினார். ஒரே தள்ளுமுள்ளு. தன் அழுக்குத் தட்டைத் தானே பெட்டியில் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. அடுத்தவர் தட்டை எடுக்கவோ நான் முந்தி நீ முந்தி என்று போட்டி. "ஐயோ நீங்க எதுக்கு?" "இருக்கட்டும், குடுங்க." "நீங்க பெரியவங்க." "அட, விடுங்க." கூடம் முழுக்க இதே பேச்சு. கடையில் பில்லுக்கு அடித்துக்கொள்வோமே, அதே அடிதடி. அபராதம் கட்ட வந்த பெரியவர் எட்டுப் பேர் தட்டைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு, யாரும் தொடக் கூடாது என்று முழங்கையை விரித்துக்கொண்டு போனார்.

குழாயடி காலியாகிவிட்டது. கை கழுவுகிறவர்கள் கை மட்டும் கழுவினார்கள். பெட்டி நிரம்பி, மாமா வண்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மறுபடியும் வந்து வைக்க வேண்டியிருந்தது. மேடம் சாப்பிட்டு எழுந்ததும் அவர் தட்டையும் யாரோ பிடுங்கிவிட்டார்கள். அவர் வெறும் கையோடு நின்று சிரித்துவிட்டார்.

கடைசிப் பந்தி முடிந்ததும் மேடம் மீட்டரைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் வந்து, "எழுதிடறேன்மா. இணைப்பும் உண்டு, கூடமும் உங்களுக்குத்தான்" என்றார். "முதல்ல கொஞ்சம் ஓடின தண்ணிய என்னன்னு எழுதறதுன்னுதான் தெரியல."

"நான் கழுவினேன்னு எழுதுங்க" என்றாள் அக்கா.

கூடம் காலியானது. நான் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். என் கிடங்கு நிறைய அட்டைப் பெட்டிகள், இந்த ஆர்டரை நம்பி வரவழைத்த சரக்கு. வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் ஆர்டர் போச்சேடா."

"போனா போகுது."

"உன் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"நானே போட்டுக்கிட்டதுக்கா. குழாயடியில உனக்கு என்ன வந்துச்சு?"

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிப் போனவை.

"கேன்டீன்ல எத்தன ஆயிரம் தட்டு எடுத்திருப்பேன்" என்றாள். "வீட்டுல உங்க மாமா, புள்ளைங்க, வந்தவங்க போனவங்க எல்லார் தட்டும் எடுத்திருக்கேன். உன் தட்டும்தான். என் தட்ட இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லடா."

இல்லை என்று சொல்ல ஒரு நாளாவது கிடைக்குமா என்று பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. மாமா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.